பழைய வண்டிக்கு எத்தனை தடவை வரி?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது கணக்காளர் பேசியதின் எழுத்து வடிவம். உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம்.)



கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், பசியாவரம், லைட்ஹவுஸ் குப்பம்னு எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கீங்க. சிலர் படகேறி வந்திருக்கீங்க. அதனால நேரத்தை வீணாக்காம விஷயத்துக்கு வந்துடறேன். வழக்கமா நான் இங்கே நின்னா வரவு செலவு வாசிப்பேன், நீங்க பாதிப் பேர் தூங்குவீங்க. இன்னிக்கு தூங்க மாட்டீங்க. ஏன்னா இன்னிக்குப் பேசப்போறது உங்க வீட்டு வாசல்ல நிக்கிற வண்டியைப் பத்தி.

நம்ம உறுப்பினர்கள் வாங்குற உள்கடன் எதுக்குப் போகுதுன்னு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முன்னெல்லாம் வலை, படகு ரிப்பேர், பிள்ளைங்க ஃபீஸ், கல்யாணம்னு இருக்கும். இப்போ அதோட சேர்ந்து ஒண்ணு அடிக்கடி வருது, செகண்ட் ஹேண்ட் வண்டி. காரணம் எல்லோருக்கும் தெரியும். மீன் கூடையோட பஸ்ஸில ஏறினா கண்டக்டர் முகத்தைச் சுளிக்கிறார். பொன்னேரி மார்க்கெட்டுக்கு காலையில நேரத்தோட போய்ச் சேரலைன்னா மடவைக்கும் இறாலுக்கும் விலை இறங்கிடும். ஒரு எக்ஸ்.எல். வண்டியும் ஒரு ஐஸ் பெட்டியும் இருந்தா அந்தப் பொம்பளையோட வருமானமே வேற. புது வண்டி வாங்க முடியாது. அதனால பழசு.

2025ஆம் வருஷ ஆரம்பத்தில நம்ம உறுப்பினர் ஒருத்தர், பேரு வேண்டாம், இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க, ஒரு பழைய மொபெட் வாங்கினாங்க. பேசின விலை 27,000. சங்கத்தில கடன் 25,000, கையில இருந்தது மீதி. வண்டியை எடுக்கப் போனப்போ வியாபாரி இன்னொரு 4,860 ரூபாய் கேட்டிருக்கார். “நான் என்ன பண்றது அக்கா, கவர்மெண்டு பழைய வண்டிக்கெல்லாம் 18 பர்சென்ட் ஜிஎஸ்டி போட்டுட்டாங்க, டிவியில பாக்கலியா?”ன்னு சொல்லியிருக்கார். அவங்களும் டிவியில பார்த்திருந்தாங்க. அதனால நம்பிட்டாங்க. காதுல கிடந்ததைக் கழட்டி அடகு வெச்சுக் குடுத்துட்டு வந்தாங்க.

அவங்க என்கிட்ட வந்து கேட்ட கேள்விதான் இன்னிக்குப் பேச்சே. “புதுசா வாங்கினவங்க அன்னிக்கே வரி கட்டிட்டாங்க. ரோட்டு வரியும் கட்டிட்டாங்க. அதே வண்டிக்கு நானும் கட்டணுமா? நாளைக்கு நான் வித்தா வாங்குறவங்களும் கட்டணுமா? ஒரு வண்டிக்கு எத்தனை தடவைதான் வரி?”

நியாயமான கேள்வி. ஊர்ல நாம தலைக்கட்டு வரி வாங்குறோம். திருவிழாவுக்குக் குடுத்து முடிச்ச வீட்டுக் கதவை மறுபடி தட்டினா சும்மா விடுவோமா? அந்த மாதிரிதான் இதுவும்னு எனக்கும் முதல்ல கோபம் வந்தது. அப்புறம் சட்டத்தைத் தேடிப் படிச்சேன். ஜிஎஸ்டி பார்க்கிற ஆடிட்டர் ஒருத்தர்கிட்டயும் கேட்டேன். கோபம் பாதி குறைஞ்சது. மீதிப் பாதி வேற இடத்துக்குப் போச்சு. அதைச் சொல்றேன்.

2024 டிசம்பர் 21ஆம் தேதி ராஜஸ்தானில் ஜெய்சல்மேரில் ஜிஎஸ்டி கவுன்சிலோட 55ஆவது கூட்டம் நடந்தது. அதுல பழைய வண்டிகளுக்கான வரியை 18 சதவீதம்னு ஒரே மாதிரி ஆக்க முடிவெடுத்தாங்க. 2025 ஜனவரியில அது அமலுக்கு வந்தது. அன்னிக்கே வாட்ஸ்அப்பில் என்ன பரவிச்சுன்னா, “12 லட்சத்துக்கு வாங்கின காரை 9 லட்சத்துக்கு வித்தா, நஷ்டமான 3 லட்சத்துக்கும் வரி கட்டணும்”னு. சிரிச்சவங்க சிரிச்சாங்க, பயந்தவங்க பயந்தாங்க. அது உண்மை இல்லை.

உண்மை என்னன்னா, இந்த வரி புதுசே இல்லை. 2018 ஜனவரியிலிருந்தே இருக்கு. அப்போ பெரிய காருக்கு 18, சின்னக் கார், மொபெட் மாதிரி மத்த வண்டிக்கெல்லாம் 12 சதவீதம். 2025இல் அந்த 12ஐ 18 ஆக்கினாங்க, அவ்வளவுதான். ரெண்டாவது, இது வண்டியோட முழு விலைக்கு இல்லை. வியாபாரி வாங்கின விலைக்கும் விக்கிற விலைக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்துக்கு மட்டும். மூணாவது, ஜிஎஸ்டி பதிவு செஞ்சவங்க விக்கிறப்போ மட்டும். நான் என் வண்டியை உங்களுக்கு வித்தா, நீங்க உங்க தங்கச்சிக்கு வித்தா, ஜிஎஸ்டி ஒரு பைசா கிடையாது. நஷ்டத்துக்கு வித்தா யாருக்கும் கிடையாது.

இப்போ அந்த மொபெட்டுக்கு வருவோம். வியாபாரி அதை 22,000க்கு எடுத்ததா அவரே வாய்தவறிச் சொல்லியிருக்கார். 27,000க்கு வித்தார். நடுவுல 5,000. அதுக்கு 18 சதவீதம்னா 900 ரூபாய். அவர் வாங்கினது 27,000 முழுசுக்கும் 18 சதவீதம், அதாவது 4,860. அதிகமா வாங்கினது 3,960. இதுல இன்னொண்ணு. பொருள் விக்கிறவருக்கு வருஷத்துக்கு 40 லட்சம் வியாபாரம் தாண்டினாத்தான் நம்ம மாநிலத்தில பதிவு கட்டாயம். ரோட்டோரம் நாலு வண்டியை நிறுத்தி விக்கிறவர் பதிவு பண்ணியிருக்காரா? ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் கேட்டோம். இன்னிவரைக்கும் தரலை. பதிவே இல்லாதவர் ஜிஎஸ்டின்னு வாங்கக்கூடாது. அப்படின்னா அந்த 4,860ம் அரசாங்கத்துக்குப் போகலை, அவர் பாக்கெட்டுக்குத்தான் போச்சு.

நூத்துக்கு ஒரு ரூபா வட்டியில உள்கடன் வாங்கி, தவணை தவறாம கட்டுற ஒரு பொம்பளைகிட்ட, அரசாங்கத்துப் பேரைச் சொல்லி எடுத்த காசு அது. அதை நினைச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது.

சரி, பதிவு செஞ்ச நல்ல வியாபாரின்னே வெச்சுப்போம். அந்த 900 ரூபாய் நியாயமா?

நம்ம நண்டைப் பாருங்க. கழியிலிருந்து வந்த நண்டை கரையில ஒருத்தர் 300க்கு எடுக்கிறார். அவர் இன்னொருத்தருக்கு 360க்குக் குடுக்கிறார். அவர் சென்னையில 450க்கு விக்கிறார். நண்டு அதே நண்டுதான். ஒவ்வொருத்தரும் சம்பாதிச்சது 60, 90. (பச்சை மீனுக்கும் நண்டுக்கும் ஜிஎஸ்டியே கிடையாது, பயப்படாதீங்க. உதாரணத்துக்குச் சொல்றேன்.) ஒவ்வொரு கையிலயும் முழு விலைக்கு வரி போட்டா, 300க்கு ஒரு தடவை, 360க்கு ஒரு தடவை, 450க்கு ஒரு தடவைன்னு ஒரே நண்டுக்கு மூணு தடவை வரி. அவரவர் சம்பாதிச்சதுக்கு மட்டும் போட்டா, வரிக்கு மேல வரி ஏறாது.

முழு விலைக்கு ஒவ்வொரு கையிலயும் வரி போடுறது கற்பனை இல்லை. நம்ம சென்னை மாகாணத்திலேயே நடந்தது. 1939இல் ராஜாஜி பிரதமரா இருந்தப்போ பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தாங்க. (அப்போ மாகாண முதல்வரைப் பிரதமர்னுதான் சொல்லுவாங்க.) மதுவிலக்கால கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட வந்த வரி. வீதம் ரொம்பக் குறைச்சல், ஆனா சரக்கு கைமாறுற ஒவ்வொரு தடவையும் உண்டு. வியாபாரிங்க கடுமையா எதிர்த்தாங்க. இன்னிக்கும் அமெரிக்காவில பல மாநிலங்கள்ல பழைய காருக்கு முழு விலைக்குத்தான் வரி. டெக்சாஸ் மாநிலத்தில பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட பழைய கார் வாங்கினாலும் ஆறேகால் சதவீதம் கட்டணும். அவர் அடுத்தவருக்கு வித்தா மறுபடி ஆறேகால். ஐரோப்பாவில 1994இலேயே இதை யோசிச்சு, பழைய பொருளை விக்கிற வியாபாரிக்கு லாபத்துக்கு மட்டும் வரின்னு பொது விதி போட்டுட்டாங்க. நம்ம நாட்டு முறை அந்த மாதிரி.

இதை ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு மொபெட் அதோட ஆயுசில மூணு தடவை வியாபாரி கை வழியா போகுதுன்னு வெச்சுக்குங்க. முதல்ல 30,000க்கு எடுத்து 35,000. அப்புறம் 25,000க்கு எடுத்து 29,000. கடைசியா 16,000க்கு எடுத்து 19,000. மூணு லாபமும் சேர்ந்து 12,000. அதுக்கு 18 சதவீதம் 2,160 ரூபாய். முழு விலைக்குப் போட்டா? 83,000க்கு 14,940 ரூபாய். கடைசி ஆள் வாங்குற வண்டி விலைக்குப் பக்கத்துல வந்துடுது பாருங்க.

ஏன் முழு விலைக்குப் போடக்கூடாதுங்கிறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. பழைய வண்டி விலைக்குள்ளேயே பழைய வரி ஒளிஞ்சிருக்கு. வரிக்கு முன்னாடி 40,000 விலையுள்ள மொபெட்டுக்கு முன்னே 28 சதவீதம், அதாவது 11,200 ரூபாய் ஜிஎஸ்டி. அதை நீங்க பாதி விலைக்கு வாங்கினா அந்த 11,200இலும் பாதியை நீங்கதான் சுமக்கிறீங்க. முழு விலைக்கு மறுபடி வரின்னா, வரிக்கே வரி. லாபத்துக்கு மட்டும்னா அந்த அநியாயம் இல்லை.

2025 செப்டம்பர் 22லிருந்து புது மொபெட், சின்ன பைக்குக்கெல்லாம் 28ஐ 18 ஆக்கிட்டாங்க. அதே 40,000 வண்டிக்கு வரி 7,200தான், 4,000 மிச்சம். புதுசு வாங்குறவங்களுக்கு சந்தோஷம். ஆனா அதுக்கு ஒரு மாசம் முன்னே வாங்கினவங்க? புது வண்டி விலை இறங்கினா பழைய வண்டி விலையும் தானா இறங்கும். அவங்க கட்டின கூடுதல் வரியை யாரும் திருப்பித் தரப்போறதில்லை. ஆகஸ்டில் வண்டி வாங்கின நம்ம உறுப்பினர் ரெண்டு பேர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமா இருந்தது. கொஞ்சம் பொறுங்கன்னு நான்தான் சொல்லியிருக்கணும்.

அப்போ 12லிருந்து 18 ஆக்கினது சரியா? எனக்குச் சரியாப் படலை. முன்னே பெரிய காருக்கு ஒண்ணு, சின்ன வண்டிக்கு ஒண்ணுன்னு வித்தியாசம் இருந்தது. பழைய சொகுசுக் கார் வாங்குறவரும் மீன் கூடை வெக்க மொபெட் வாங்குறவங்களும் ஒரே வீதத்தில கட்டணும்கிறது என்ன சமத்துவம்? புது வண்டியில பெரிய காருக்கு 40, சின்னதுக்கு 18ன்னு பிரிக்கத் தெரிஞ்சவங்களுக்கு பழசில மட்டும் பிரிக்கத் தெரியலையா? ஆனா ஒண்ணு, கணக்காளரா நேர்மையாச் சொல்லணும். நான் சொன்ன அந்த மூணு கைமாற்றத்தில 12 சதவீதம்னா 1,440, 18ன்னா 2,160. வித்தியாசம் 720 ரூபாய், அதுவும் மூணு பேருக்குச் சேர்த்து. வியாபாரி ஒரே நாள்ல ஏமாத்தினது 3,960. எதுல அதிகமாப் போச்சுன்னு நீங்களே பாருங்க.

இந்த இடத்தில பசியாவரத்திலிருந்து வந்த அக்கா எழுந்து கேட்டாங்க, “ஜிஎஸ்டியை விடுங்க, நான் சூளூர்பேட்டையில வாங்கின வண்டிக்கு ரோட்டு வரி ரெண்டாவது தடவை கேக்கிறாங்களே, அது என்ன கணக்கு?”

அவங்களுக்குக் கைதட்டுங்க. நான் வர இருந்த இடத்துக்கு அவங்களே கூட்டிட்டு வந்துட்டாங்க. என்னோட மீதிக் கோபம் போன இடம் இதுதான்.

ஜிஎஸ்டி வேற, ஆயுள் வரி வேற. ஆயுள் வரி மாநில அரசுக்குப் போறது. புது வண்டி பதிவு பண்ணும்போதே மொத்தமாக் கட்டிடறோம். தமிழ்நாட்டில 2023 நவம்பரில் இதைக் கூட்டினாங்க. ஒரு லட்சம் வரைக்கும் விலையுள்ள டூவீலருக்கு 10 சதவீதம், அதுக்கு மேல 12. ஒரு தடவை கட்டினா, தமிழ்நாட்டுக்குள்ள எத்தனை கைமாறினாலும் மறுபடி ஆயுள் வரி கிடையாது. பேர் மாத்துற கட்டணம் மட்டும்தான். அரசாங்கத்துக்குப் போற கட்டணம் டூவீலருக்கு சில நூறு ரூபாய். அதுக்கு மேல யாராவது ஆயிரக்கணக்கில கேட்டா அது புரோக்கர் காசு, அரசாங்கக் காசு இல்லை.

ஆனா நம்ம ஏரி இருக்கே, அது பாதிக்கு மேல ஆந்திராவில இருக்கு. தடா, சூளூர்பேட்டை பக்கம் நமக்குப் பொண்ணு குடுத்திருக்கோம், எடுத்திருக்கோம். மீனுக்கு எல்லை தெரியாது, மடவை அந்தப் பக்கமும் போகும் இந்தப் பக்கமும் வரும். வண்டிக்குத் தெரியும். ஆந்திரா நம்பர் வண்டியை இங்கே 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா தமிழ்நாட்டு நம்பருக்கு மாத்தணும். பேர் மாத்தி இங்கேயே ஓட்டப்போறீங்கன்னா கையோட செய்யணும். மாத்தும்போது இங்கே ஆயுள் வரி கட்டணும். வண்டியோட வயசுக்கு ஏத்த மாதிரி குறைச்சுக் கட்டலாம், ஆனா கட்டணும். அங்கே முதல் சொந்தக்காரர் கட்டினது? மிச்சக் காலத்துக்கு உள்ளதைத் திரும்பக் கேட்டு ஆந்திர அலுவலகத்தில மனு போடணும். இங்கே கட்டின ரசீது, தடையில்லாச் சான்று எல்லாம் வேணும். எழுத்தில பார்த்தா ரெட்டை வரி இல்லை. ஒரு கையில குடுத்து ஒரு கையில வாங்கிக்கலாம். ஆனா நடைமுறையில? பசியாவரத்து அக்கா படகேறி, பஸ் ஏறி, தெலுங்கில மனு எழுதி, நாலு தடவை நடந்து அந்தக் காசை வாங்கணும். ஒரு நாள் நடந்தா ஒரு நாள் கூடை போச்சு. யாரும் போறதில்லை. காசு அங்கேயே நின்னுடுது. நான் ரெட்டை வரின்னு சொல்றது இதைத்தான்.

இதுக்கு மத்திய அரசு ஒரு வழி பண்ணியிருக்கு. 2021 செப்டம்பரிலிருந்து பாரத் சீரிஸ்னு ஒரு நம்பர். பிஎச்னு போட்டிருக்கும், பார்த்திருப்பீங்க. மாநிலம் மாறினாலும் நம்பர் மாத்த வேண்டாம், வரியை ரெண்டு ரெண்டு வருஷமாக் கட்டிக்கலாம். ரொம்ப நல்ல ஏற்பாடு. யாருக்குத் தெரியுமா? ராணுவத்தில இருக்கிறவங்க, அரசு ஊழியர், பொதுத்துறை ஊழியர், நாலு மாநிலத்திலயோ அதுக்கு மேலயோ ஆபீஸ் உள்ள கம்பெனியில வேலை பார்க்கிறவங்க. நாமும் ரெண்டு மாநிலத்தில ஒரே ஏரியில பிழைக்கிறவங்கதான். நமக்கு ஆபீஸ் இல்லை, அதனால இல்லை.

இன்னொரு தடவை வரி எப்போ வரும்னா, வண்டிக்கு 15 வயசு ஆனப்போ. பசுமை வரி கட்டணும், பதிவைப் புதுப்பிக்கணும். 2022 ஏப்ரலில் டூவீலர் புதுப்பிக்கும் கட்டணத்தை 300லிருந்து 1,000 ஆக்கினாங்க. 2025இல் 20 வயசு தாண்டின வண்டிக்கு 2,000ன்னு ஆக்கியிருக்காங்க. புகை கக்குற வண்டி குறையணும், சரிதான். நம்ம பிள்ளைங்கதான் அந்தப் புகையை மூச்சில இழுக்குது. ஆனா 8,000 ரூபாய் வண்டியை வெச்சிருக்கிறவ ஆசைக்கு வெச்சிருக்கலை.

இவ்வளவு தொல்லை எதுக்குன்னு சிலபேர் ஒரு சுலப வழி வெச்சிருக்கீங்க. பேரே மாத்தறதில்லை. வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்து வாங்கி ஆர்.சி. புத்தகத்துக்குள்ள மடிச்சு வெச்சுக்கறீங்க. இதைப் பத்தி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாப் பேசறேன், கோவிச்சுக்காதீங்க.

நவீன்குமார், விஜய்குமார்னு ஒரு வழக்கு. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. ஒருத்தர் வண்டியை வித்துட்டார். வாங்கினவர் இன்னொருத்தருக்கு வித்தார், அவர் இன்னொருத்தருக்கு. இப்படிக் கைமாறின பிறகு, 2009இல், விபத்து. ஆனா ஆர்.சி.யில் முதல் ஆள் பேர்தான் இருந்தது. நஷ்டஈடு யார் குடுக்கணும்? ஆர்.சி.யில் யார் பேர் இருக்கோ அவர்தான் சொந்தக்காரர், அவர்தான் பொறுப்புன்னு கோர்ட் சொல்லிடுச்சு. வித்து வருஷக்கணக்காச்சு, வண்டியைக் கண்ணால பார்க்கலைன்னு சொல்லித் தப்பிக்க முடியலை. அடிபட்டவங்க குடும்பம் யார் யார்கிட்ட வித்தாங்கன்னு தேடிக்கிட்டு அலையக்கூடாது இல்லையா? அந்த வகையில அது நியாயமான தீர்ப்பு. மோட்டார் வாகனச் சட்டப்படி வித்தவர் 14 நாளைக்குள்ள தகவல் குடுக்கணும், வேற மாநிலம்னா 45 நாள். வாங்கினவர் 30 நாளைக்குள்ள. வித்தவங்களே, உங்க தலையைக் காப்பாத்திக்கிறதுக்காகவாவது போங்க. வாங்கினவங்களுக்கும் சொல்றேன், இன்சூரன்ஸ் யார் பேரில இருக்குன்னு இன்னிக்கே வீட்டுக்குப் போய்ப் பாருங்க.

கடைசியா கூட்டமைப்பு விஷயம். நாம எல்லோரும் சேர்ந்து 2025 மார்ச்சில் ஒரு பழைய குட்டி யானை வாங்கினோம், மீன் ஏத்திப் போக. கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பெனியில, அவங்க ஓட்டிட்டு விக்கிறது. விலை 2,30,000. அவங்க அனுப்பின பில்லில் ஜிஎஸ்டி 41,400ன்னு போட்டிருந்தது. பொருளாளர் அக்காவுக்கு மயக்கமே வந்துடுச்சு. நாங்க நேர்ல போய் ரெண்டு கேள்வி கேட்டோம். வண்டி வாங்கினப்போ நீங்க கட்டின வரியை உள்ளீட்டு வரியாத் திரும்ப எடுத்துக்கிட்டீங்களா? எடுத்திருந்தா முழு விலைக்கும் வரி கேக்கலாம், அது நியாயம்தான். அவங்க கட்டின வரி அவங்களுக்குத் திரும்பி வந்துடுச்சே, அப்போ வண்டிக்கு வரியே கட்டாத மாதிரிதானே. எடுக்கலைன்னு சொன்னாங்க. அப்படின்னா தேய்மானம் போக உங்க கணக்கில வண்டி மதிப்பு எவ்வளவு? 1,80,000ன்னாங்க. வருமான வரிக் கணக்கில தேய்மானம் காட்டினவங்களுக்கு, அந்த மதிப்புக்கும் விக்கிற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் வரி. 50,000க்கு 9,000 ரூபாய். அவங்க கணக்குப் பிள்ளை மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் ஃபோனைப் பார்த்தார். மறுநாள் பில்லை மாத்திக் குடுத்தாங்க. 32,400 ரூபாய் மிச்சம். அதுல புது டயர் நாலும் வாங்கி மிச்சக் காசும் இருந்தது. அவங்க ஏமாத்தணும்னு நினைச்சதாத் தெரியலை, தெரியாமத்தான் போட்டிருக்காங்க. நாம கேக்காம இருந்திருந்தா போனது போனதுதான்.

குட்டி யானை மாதிரி வாடகை வண்டிக்கு வரி பாக்கி இருக்கான்னு பார்க்க மறக்காதீங்க. பழைய ஆள் பாக்கி வெச்சிருந்தா பேர் மாத்தும்போது நம்ம தலையில விழும். வாங்குறதுக்கு முன்னாடியே வண்டி நம்பரைப் போட்டு பரிவாகன் தளத்தில பாருங்க. பார்க்கத் தெரியலைன்னா ஆபீசுக்கு வாங்க, நம்ம பொண்ணுங்க பார்த்துத் தருவாங்க.

இப்போ ரெண்டு தீர்மானம் உங்க முன்னாடி வைக்கிறேன். ஒண்ணு, உள்கடனில் பழைய வண்டி வாங்குற உறுப்பினர் பில்லைக் காட்டின பிறகுதான் கடைசித் தவணைப் பணம் வியாபாரி கைக்குப் போகும். ஜிஎஸ்டின்னு ஒரு ரூபா வாங்கினாலும் ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் வேணும். ரெண்டாவது, ஏரிக்கரையில ரெண்டு மாநிலத்திலயும் பிழைக்கிறவங்களோட பழைய டூவீலருக்கு, அங்கே கட்டின ஆயுள் வரியை இங்கேயே கழிச்சுக்கச் சொல்லி போக்குவரத்துத் துறைக்கு மனு. ரெண்டு அரசாங்கமும் தங்களுக்குள்ள கணக்குத் தீர்த்துக்கட்டும், நாம எதுக்கு நடுவுல அலையணும்? உடனே நடக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா மனுவில ஒரு ஊர்ப் பேர் இருந்தா ஓரமா வைப்பாங்க, எல்லா ஊர்ப் பேரும் இருந்தா படிச்சாவது பார்ப்பாங்க.

மனுவோட சேர்க்க எனக்கு ரசீதுகள் வேணும். ஆந்திராவில வாங்கி இங்கே மறுபடி வரி கட்டினவங்க, ரெண்டு ரசீதையும் ஜெராக்ஸ் எடுத்து அடுத்த மாசக் கூட்டத்துக்குள்ள உங்க ஊர்ப் பிரதிநிதிகிட்ட குடுங்க. மொபெட் வாங்கின அக்கா, நீங்க மட்டும் கூட்டம் முடிஞ்சதும் இருங்க. நாளைக் காலையில நாம நாலு பேர் அந்தக் கடைக்குப் போறோம்.